வண்டுகள் போன வழி

நாரின் மலையின் கோடைப் பெருவிழாவுக்குத் தலைமை தாங்கி, வெண்கம்பளத் தொப்பியோடு வீற்றிருக்கும் பெரியவர் சமுதீன் அவர்களே! மடியில் குதிரைப்பால் கிண்ணத்தோடு, "இவன் எப்போது முடிப்பான்?" என்று பார்த்திருக்கும் மூத்தோரே! பாலும் பாசமும் ஊட்டிய தாய்மார்களே! பணிகிறேன்.

சென்ற ஆண்டு, என் அண்ணன் தூலத்தின் பெட்டைக்குதிரை, இரண்டு மாதக் குட்டியோடு காணாமற்போனது. என் நாயையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் தேடினோம். மேடெல்லாம் தேடினோம், மடுவெல்லாம் தேடினோம், கூவிக் கூவிக் குரல் குன்றினோம். கிடைத்ததா? இல்லை!

மூன்றாம் நாள் காலை. வெயில் பனிக்குள் பாலாய்க் கரைந்திருந்தது. பள்ளியில் உயிரியல் சொல்லித்தரும் என் அண்ணி புருல், வானத்தையே பார்த்து நின்றார்.

"என்ன அண்ணி, குதிரை வானத்துலயா மேயுது?" என்றேன்.

"வாயாடாதீங்க கொழுந்தனாரே! அந்த வண்டுகளப் பாருங்க, கறுப்பு முதுகுல சிவப்புப் பட்டை. எல்லாம் காத்துக்கு எதிராவே போகுது."

"போகட்டுமே!"

"அது செத்ததைத் தின்கிற வண்டு. செத்த உடம்புலேர்ந்து கந்தக வாடை கிளம்பும். நம்ம மூக்குக்கு எட்டாதது அதோட மீசைக்கு எட்டிடும்." அண்ணி வண்டுகளின் பின்னே நடக்கத் தொடங்கினார்.

சிரிக்கிறீர்களா? நானும் சிரித்தேன், அன்பர்களே! சிரித்துக்கொண்டேதான் பின்னால் நடந்தேன்.

என்ன காட்சி அது! வாடை அறுந்தால் வட்டமிடும், வாடை கிடைத்தால் வழிதொடரும். பனியில் மிதந்தன வண்டுகள். கனவில் நடப்பவர்போல் நடந்தோம் நாங்கள்.

பாறைப் பிளவின் அடியில் கழுத்தொடிந்து கிடந்தது தாய். அதன் வயிற்றில் வண்டுகள். அருகே, நடுங்கும் கால்களில், உயிரோடு நின்றது குட்டி!

இழுத்தேன், வரவில்லை. தூக்கினேன், உதைத்தது.

"விடுங்க, அது அம்மாவ விட்டு வராது" என்ற அண்ணி, தன் தலைத்துணியைத் தாயின் கழுத்தில் தேய்த்தார். தோளில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தார். மூக்கை நீட்டியபடி பின்னே வந்தது குட்டி. வீடுவரை வந்தது!

மாண்டபின்னும் ஒரு தாய் காற்றிலே சேதி அனுப்பினாள். படித்தது யார்? மலை அறிந்த நானா? மோப்பம் அறிந்த என் நாயா? காலில் மிதிபடும் வண்டு, பெருமக்களே, வண்டு! பசிக்குத்தான் பறந்தது அது; ஆனாலும் ஓர் உயிர் பிழைத்தது.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி! அண்ணிக்கு நன்றி! உங்கள் மந்தைகள் பெருகட்டும், கூடாரங்களில் அமைதி தங்கட்டும்! வணக்கம்!