பெரியவர் இன்னும் விரட்டவில்லை

இந்த விலங்குக் காட்சிசாலையின் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கும் இயக்குநர் ஐயா அவர்களே! ஊசி பிடித்த கையாலேயே உயிர்களைத் தடவிக்கொடுக்கும் மருத்துவர் அம்மா அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே! மடியில் மழலையும் மனத்தில் கனிவும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! என் சக தொழிலாளத் தோழர்களே! ‘சிங்கத்தம்மா’ என்று நீங்கள் செல்லமாய் அழைக்கும் இந்தச் சிங்கக்கூண்டுக்காரியின் பணிவான வணக்கம்.

நன்றியுரை சொல்லத்தான் என்னை மேடையேற்றினார்கள். நன்றி எங்கே ஓடிவிடப் போகிறது? முதலில் ஒரு விண்ணப்பம். நம் இளஞ்சிங்கத்தை நாளைக் காலை லாரியில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பப் போகிறார்கள். ஏன்? பிடரி வளர்ந்துவிட்டதாம். கிழ ஆணும் வளர்ந்த ஆணும் ஒரே கூட்டத்தில் இருந்தால் ரத்தம் பார்க்காமல் விடாதாம். பொய் என்று சொல்ல மாட்டேன். காட்டிலும் மூத்தது உறுமும், இளையது கிளம்பும். ஆனால் எல்லா மூத்ததும் எடுத்த எடுப்பில் விரட்டிவிடுவதில்லையே!

யார் அது, பின்வரிசையில் சிரிப்பது? என் வீட்டுக்காரர்தானே! மகன் இவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் இவர் போடும் உறுமல் தெருமுனை வரை கேட்கும். சிரிக்கட்டும், சிரிக்கட்டும்.

போன மழைக்காலத்தில் நடந்ததைக் கேளுங்கள். இரை வைக்கும்போது கிழச்சிங்கம் பெரியவரையும் இளஞ்சிங்கம் சின்னவனையும் தனித்தனி அறையில் விடுவோம். நடுவே ஓர் இரும்புக் கதவு. அன்று அதை இழுக்கும் கம்பி அறுந்து, கதவு பாதியில் நின்றுவிட்டது. சின்னவன் நுழைந்துவிட்டான். எங்கே? பெரியவர் வாயில் இறைச்சியோடு நிற்கும் அறைக்குள்! மருத்துவர் அம்மா மயக்க ஊசித் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார்.

பெரியவர் ஓர் உறுமல் உறுமினார். சின்னவன் பாய்ந்தானா? பல்லைக் காட்டினானா? தாடையைத் தரையில் பதித்துப் படுத்துவிட்டான். பிறகு மெல்ல மெல்ல ஊர்ந்துபோய், பெரியவரின் கழுத்தில் தலையைத் தேய்த்தான். பெரியவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம், தாய்மார்களே, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்! ஒரே துண்டின் அந்த முனையில் அவர், இந்த முனையில் இவன். “அக்கா, மூச்சை விடுங்க” என்றார் மருத்துவர் அம்மா. அதுவரை நான் மூச்சே விடவில்லை.

அவன் என்ன, அவர் பெற்ற பிள்ளையா? இல்லை! தாயோடு எங்கிருந்தோ வந்த குட்டி. வாலைக் கடித்தான், பொறுத்தார். தூங்கும்போது ஏறி மிதித்தான், பொறுத்தார். இன்று தோளுக்குத் தோள் உயர்ந்து நிற்கிறான், இன்றும் பொறுக்கிறார். இப்போது பெரியவருக்குக் கண் மங்கிவருகிறது. சின்னவன் உடம்பை உரசிக்கொண்டுதான் தண்ணீர்த் தொட்டிக்கே வருகிறார். அவனை அனுப்பிவிட்டால் இவர் யாரை உரசிக்கொண்டு நடப்பார்? எனக்குத் தாங்கவில்லை ஐயா, அதனால்தான் கேட்கிறேன்.

இதோ, இயக்குநர் ஐயா கேட்கிறார், இன்னும் எவ்வளவு காலம் பொறுப்பார் என்று. நியாயமான கேள்வி. எனக்குத் தெரியாதுங்க ஐயா. ஒருநாள் அவர் உறுமி, அந்த உறுமல் அடங்காமலே போகலாம். அன்றைக்கு இந்தக் கையாலேயே லாரிக் கதவைத் திறந்துவிடுகிறேன். அழுதுகொண்டுதான் திறப்பேன், ஆனால் திறப்பேன். போகச் சொல்லும் நாள் எது என்று அவருக்குத் தெரியும். அவர் இன்னும் விரட்டவில்லை. நாம் முந்திக்கொள்ள வேண்டாம்!

இயக்குநர் ஐயா லாரிக்காரரைக் கூப்பிட்டு ஏதோ சொல்கிறார். என்ன ஐயா? கொஞ்சம் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

“நாளைக்கு லாரி வேண்டாம்னு சொன்னேம்மா. பெரியவர் சொல்லட்டும், அப்போ பார்த்துக்கலாம்.”

பொறுங்கள், பொறுங்கள், கை தட்டுவது இருக்கட்டும். நான் கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன். இப்போது நன்றியுரை. இயக்குநர் ஐயாவுக்கு நன்றி. அன்று துப்பாக்கி விசையை அழுத்தாத மருத்துவர் அம்மாவின் விரலுக்கு நன்றி. வாய் ஓயாத இந்தப் பொம்பளையைப் பொறுத்துக்கொண்ட உங்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. கலைந்து போகும்போது சிங்கக்கூண்டுப் பக்கம் சத்தம் போடாமல் போங்கள். நான் வரும்போது ரெண்டு பேரும் ஒரே நிழலில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வணக்கம்.