ஆஞ்சநேயர் படத்தின் உயரம்

குந்தி எழுவது நடை பழகும் குழந்தைக்கும் தானாக வந்துவிடும், மேடம். தோளில் பாரம் ஏறினால்தான் அதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

பதினோரு வருஷமாகத் திருமங்கலத்தில் ஜிம் நடத்துகிறேன். எடைக்கம்பியைத் தோளில் ஏற்றிக் குந்தி எழும் பார்பெல் ஸ்குவாட் பழக வருகிறவர்களுக்கு முதலில் கழுத்தைத்தான் சொல்லிக்கொடுப்பேன். முகவாய்க்கும் தொண்டைக்கும் நடுவே ஓர் எலுமிச்சம்பழம் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். பார்வை ஆறடி தள்ளி, சற்றுக் கீழே. கழுத்தும் முதுகும் ஒரே கோடு. பாரத்தோடு அண்ணாந்து பார்த்தால் நிலை தடுமாறும்.

எங்கள் ஜிம்மில் ஆஞ்சநேயரைப் பார்த்துத்தான் தூக்குவார்கள். பார்வை சரியாக விழட்டும் என்று எதிர்ச்சுவரில் படத்தை நான்தான் தாழ்வாக மாட்டியிருந்தேன். சாமியைத் தாழ்வாக வைக்கக்கூடாது என்று சொல்லி வாரம் ஒரு சாண் மேலேற்றியவனும் நானே. யாரும் ஏனென்று கேட்கவில்லை. நல்ல காரியம்தானே.

மருதுவுக்கு இருபத்து நான்கு வயது. எழுமலைக்காரன், பக்தி அதிகம். "சாமியை விட்டுக் கண்ணை எடுத்துராத மாப்ள" என்று அவனிடம் மட்டும் சொல்லிவைத்தேன். எடுக்கவில்லை.

மாவட்ட சாதனை நூற்றெண்பது கிலோ. ஒன்பது வருஷமாக ராம்கி என்ற என் பெயர்தான் ஜிம் சுவரில் இருக்கிறது. அடுத்த போட்டியில் அவன் அதை முறியடித்திருப்பான். அதுகூடப் பரவாயில்லை. "மாஸ்டர், ஒங்க பேரை அழிச்சிராதீக. எம் பேரை அதுக்குக் கீழ எழுதுங்க" என்றான். அவன் இரங்கியது எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று நூற்றெண்பத்தைந்து ஏற்றினேன். தாங்கிப் பிடிக்க அவன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். இறங்கினான். எழும்போது படத்தைத் தேடித் தலை பின்னால் சாய்ந்தது, கால் தடுமாறியது, கம்பி கழுத்துக்கு உருண்டது. என் கைகள் அவன் அக்குளுக்குக் கீழே தயாராகத்தான் இருந்தன. நான் பிடிக்கவில்லை.

கழுத்துக்குக் கீழே இனி அசைவு வராது என்றார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாயங்காலம் தரையைத் துடைத்தேன்.

அவன் அம்மா இருளாயி மாதம் ஒரு சனிக்கிழமை படத்துக்கு வெற்றிலை மாலை போடுவார். நேற்றும் மகனுக்காக வேண்டிக்கொண்டு வந்தார். எக்கிப் பார்த்தார், எட்டவில்லை. "போன மாசம் எனக்கு எட்டுச்சேய்யா" என்றார். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

வருகிற வழியில் ஆஸ்பத்திரிக்குப் போய் மருதுவைப் பார்த்தேன். "நாந்தான தலையத் தூக்கிட்டேன், மாஸ்டர்?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன். படிக்க வந்த யாரிடமும் நான் பொய் சொன்னதில்லை, மேடம்.