அரக்கு உடையாத பெட்டி

கோழிக்குஞ்சு ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வருவதற்கு முன்பே, உள்ளே இருந்தபடி கத்த ஆரம்பித்துவிடும். முட்டையைக் காதோரம் வைத்தால் கேட்கும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முட்டையைக் கொடுத்து அதைக் கேட்க வைத்திருக்கிறேன். நான் நடத்திய பாடங்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். மதுரையிலிருந்து வந்திருக்கும் கால்நடை டாக்டர் நீங்கள், உங்களுக்குத் தெரியாததில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று பிடிபடாமல் இதைச் சொல்கிறேன்.

பெயர் பால்துரை. மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். பள்ளிக்கூடத்துக் கோழிப்பண்ணையும் என் பொறுப்பு. குஞ்சு பொரித்து ஏழைப்பட்ட வீடுகளுக்குக் கொடுப்பது, அவர்கள் வளர்த்து முட்டை விற்றுப் பிழைப்பது, அதுதான் ஏற்பாடு. வீட்டில் முட்டை வருமானம் இருந்தால் பிள்ளையைப் பட்டாசு ஆபீசுக்கு வெடி சுற்ற அனுப்ப மாட்டார்கள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள். இது என் யோசனை. நல்ல யோசனை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

முட்டை பொரிக்கும் இந்தப் பெட்டி அறுபத்தொன்றாம் வருஷம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அங்கே ஒரு மிஷன் பண்ணையை மூடினார்கள். அவர்கள் உபயோகித்த பெட்டி, எங்களுக்கு இனாம். தோணியில் தூத்துக்குடிக்கு வந்து இறங்கியது. துறைமுகத்துக் கால்நடை அதிகாரி கதவைத் திறந்து பார்த்தார். தட்டுகளில் பழைய ஓடும் எச்சமும் ஒட்டிக்கிடந்தன, மூலையெல்லாம் குஞ்சு ரோமம். கதவை மூடிக் கயிறு கட்டி அரக்கு முத்திரை வைத்துவிட்டார். கடல் தாண்டி வந்த பழைய பெட்டி என்றால் சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, அரசாங்க டாக்டர் முன்னிலையில் பார்மலின் புகை போட்ட பிறகுதான் முட்டை வைக்கலாம், அதுவரை பக்கத்தில் ஒரு கோழி போகக்கூடாது என்றார். சட்டம் அப்படி. நான் தலையாட்டினேன். ரயிலில் விருதுநகர் வரைக்கும், அங்கிருந்து தீப்பெட்டி லோடு இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் எங்கள் ஊர் வரைக்கும், அரக்கில் கீறல் விழாமல் கொண்டுவந்து சேர்த்தேன்.

டாக்டர் வரவில்லை. உங்களுக்கு முன்னால் இருந்தவர். இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று தள்ளிக்கொண்டே போனார். இங்கே அறுப்பின் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. பெட்டி வந்த அந்த வாரமே நான் ஆலயத்தில் எழுந்து நின்று, இதில் பொரிக்கும் முதல் குஞ்சுகளைக் கர்த்தருக்கு முதற்பலனாகப் படைப்போம் என்று சொல்லியிருந்தேன். சபையே ஆமென் சொன்னது. பொன்ராஜ் ஐயர், அவர்தான் எங்கள் குருவானவர், பார்க்கும்போதெல்லாம் கேட்டார்.

"வாத்தியாரே, குஞ்சு வந்துருமா? சுத்துப்பட்டிக்கெல்லாம் சொல்லிவிட்டாச்சு."

வந்துவிடும் என்றேன். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கம் என்றால் என்னவென்று அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது. நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை மாற்றுவதுதான் வெட்கம் என்று நினைத்திருந்தேன்.

பெட்டிக்குப் பின்பக்கம் ஒரு பலகை உண்டு. திருகாணிகள்தான். அவற்றைக் கழற்றினால் முன்கதவைத் தொடாமலே தட்டுகளை உருவலாம். பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒரு மத்தியானம் அதைச் செய்தேன். கூட இருந்தவர் செய்யது அபுதாஹிர். முட்டை வியாபாரி. சைக்கிளில் இரண்டு பக்கமும் கூடை கட்டி, தாயில்பட்டி வரைக்கும் வீடு வீடாகப் போய் முட்டை எடுத்து விருதுநகரில் கொடுப்பவர். பெட்டியில் வைக்க நல்ல முட்டையாகப் பொறுக்கிக் கொண்டுவந்தவர் அவர்தான். நான் திருகாணிகளைக் கழற்றக் கழற்ற, தன் தொப்பியைக் கவிழ்த்து அதில் வாங்கிக்கொண்டார்.

"ஏன் சார், முன்னாடி சீல் வச்சிருக்காகளே?"

"சீலை யாரு தொட்டா பாய்? நாம பின்னாடிதான கழத்துதோம்."

"அதுவுஞ் சரிதான். கழுவ வேண்டாமா?"

"கழுவினா பலகை ஊறிப்போகும். காயவே ஒரு வாரம் ஆகும்."

"படிச்சவுக நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்தார். அவர் மகள் பல்கீஸ் என் வகுப்பில் படித்தாள். முட்டையைக் காதில் வைத்தால் நெடுநேரம் திருப்பித் தரமாட்டாள்.

குஞ்சுகள் நன்றாகவே பொரித்தன. பண்டிகைக்கு முந்தின நாள் சில குஞ்சுகள் சிறகைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன, வெள்ளையாகக் கழிந்தன. செத்தவற்றைத் தோட்டத்தில் புதைத்தேன். மற்றவற்றின் பின்பக்கத்தை வெந்நீரில் நனைத்த துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன், வெள்ளை தெரியாமல். ஆலயத்துக்குப் போவதல்லவா, சுத்தமாக இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துப் பண்டிகை ஏலத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். படைத்ததையெல்லாம் ஏலம் விடுவோம். முதலில் எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். திரும்பவும் கர்த்தருக்கே கொடுத்துவிடுவார், அதை மறுபடி ஏலம் விடுவார்கள். ஒரு குஞ்சு பத்துப் பேர் கைக்குப் போய், தூக்கிப் பார்த்து, கன்னத்தில் வைத்து, பிள்ளை கையில் கொடுத்து வாங்கி, திரும்பவும் மேசைக்கு வரும். அன்றைக்கு அப்படித்தான் நடந்தது. கடைசி ஏலத்தில் எடுத்தவர்கள் கொண்டுபோக, குஞ்சுகள் எல்லா ஊருக்கும் போயின. ஐயர் என் தோளைத் தட்டினார். நான் சந்தோஷப்பட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த மாதத்துக்குள் எங்கும் கழிச்சல். அந்தக் குஞ்சுகள் போன வீட்டில் ஏற்கெனவே இருந்த பெட்டைகளும் போயின. பெண்கள் செத்த கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள், வாத்தியாருக்குத் தெரியும் என்று. ஆராதனை முடிந்து ஆலய வாசலில் ஆண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"இது எங்கிட்டு இருந்து வந்துச்சு வாத்தியாரே? ஒரே நேரத்துல அம்புட்டு ஊர்லயும் எப்படி?"

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. "எல்லா ஊருக்கும், எல்லா வீட்டுக்கும் போற கூடை எது?" என்று மட்டும் கேட்டேன். வகுப்பில் கேட்பதுபோலத்தான் கேட்டேன். விடையை அவர்களே சொன்னார்கள்.

ஊர் எல்லையில் வைத்து அபுதாஹிரின் கூடைகளைக் கொளுத்தினார்கள். முட்டைகள் நெருப்பில் வெடித்ததாகச் சொன்னார்கள், நான் போகவில்லை. இனி எந்த ஊருக்குள்ளும் சைக்கிளை மிதிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் நேரே என் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"நீங்களா சார் சொன்னீக?"

"நான் உங்க பேரச் சொல்லல பாய்."

"நான் அந்தத் திருகாணிய வெளிய சொன்னேன்னா ஒங்க வேல போயிரும். எனக்குப் போனது கூடைதான, வேற பின்னிக்கிடலாம்" என்றார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுகூட நான் கேட்கவில்லை.

கூடை பின்னிக்கொண்டார். முட்டை கொடுக்கத்தான் ஆள் இல்லை. அந்தக் குடும்பம் தாயில்பட்டிக்குப் போய்விட்டது. பல்கீஸ் பள்ளிக்கூடத்திலிருந்து நின்று, ஒரு பட்டாசு ஆபீசில் வெடிக்கு மருந்து அடைக்கப் போனாள். மறுவருஷம் தீபாவளி சீசனில் அந்தக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களில் அவளும் ஒருத்தி.

அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தீப்பிடித்த கொட்டகைக்குக் கோழிப்பெட்டி என்ன செய்யும்? ஆனால் யாழ்ப்பாணத்துக்காரர்கள் ஏன் இனாமாகக் கொடுத்தார்கள் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. அவர்கள் பண்ணையில் கோழிகளெல்லாம் கழிந்து செத்ததால்தான் மூடினார்கள். பெட்டி வருவதற்கு முன்பே அது எனக்குத் தெரியும். அங்கே வாத்தியாராக இருக்கும் என் மச்சான் நேரில் வந்தபோது சொல்லியிருந்தான். கழுவாமல் வைத்துவிடாதே என்றும் சொன்னான்.

உங்களுக்கு முன்னால் இருந்த டாக்டர் எல்லாம் முடிந்த பிறகு வந்தார். முன்கதவில் அரக்கு அப்படியே இருப்பதைப் பார்த்து, இப்படி ஒழுங்காக இருப்பவர்களைப் பார்ப்பதே அபூர்வம் என்று பாராட்டினார். பார்மலின் புட்டியையும், அதில் கலந்தால் புகை கிளம்பும் பர்மாங்கனேட்டுப் பொட்டலத்தையும் என் கையில் கொடுத்து, வாத்தியார்தானே, நீங்களே புகை போட்டுவிடுங்கள் என்று சொல்லி அரக்கை உடைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். பர்மாங்கனேட்டைப் பள்ளிக்கூடக் கிணற்றில் போட்டேன், தண்ணீருக்கு நல்லது. பார்மலினில் ஒரு பாம்பைப் போட்டு வைத்திருக்கிறோம். பிள்ளைகள் ஆசையாகப் பார்க்கிறார்கள்.

பெட்டியைக் கழுவவில்லை. முற்றத்தில் போட்டுக் கழுவினால் பிள்ளைகள் பார்ப்பார்கள், இப்போது ஏன் கழுவுகிறார் என்று ஊர் கேட்கும். கழுவ வேண்டிய பெட்டிதான் அது என்று ஆகிவிடும். அப்படியே முட்டை வைத்தேன். வருஷா வருஷம் குஞ்சு கொடுத்தேன். செத்தால், ஊர்த் தண்ணீர் சரியில்லை என்றேன். இன்றைக்குக் காலையில் நீங்கள் பின்பலகையைக் கழற்றிக் காகிதத்தில் கூட்டி எடுத்தீர்களே, அதில் யாழ்ப்பாணத்து ரோமமும் இருக்கும்.

பல்கீஸ் இறந்தபோது துக்கம் கேட்கப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். அபுதாஹிர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை. என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், மெதுவாக ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தப் பெட்டிய அப்புறமாச்சும் கழுவினீகளா சார்?"

"கழுவிட்டேன் பாய்."

"அது போதும் சார். இனி ஒரு வீட்டுக் கோழியும் சாகாதுல்ல" என்றார்.

நான் செய்தது எல்லாம் இதுதான். கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன், வேலையை விடச் சொன்னால் விடுகிறேன். பொன்ராஜ் ஐயரிடமும் சபையிடமும் நானே சொல்லிவிடுவேன். அபுதாஹிர் பாயிடம் மட்டும் யாரும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பாவம், மகளைப் பறிகொடுத்த மனுஷன். அவர் மனசு கஷ்டப்படுவதை என்னால் பார்க்க முடியாது.