சலவை அறையிலிருந்து எழுந்த குரல்

இந்தப் பாராட்டு விழாவுக்குத் தலைமை தாங்கும் நகரவைத் தலைவி மார்கரேட்டா அவர்களே! கம்பளிக் குல்லாயை மடியில் வைத்தபடி முன்வரிசையில் வீற்றிருக்கும் காகித ஆலைப் பெரியவர்களே! காபியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே! பெரிய மனதோடு மேடையேறியிருக்கும் பாதிரியார் அவர்களே! கறுப்புச் சட்டையும் இடுப்பளவு கூந்தலுமாய்ப் பின்வரிசையையே இருட்டாக்கியிருக்கும் என் இளஞ்சிங்கங்களே! உங்கள் அனைவரையும் குன்வோர் லிண்டால் கைகூப்பி வணங்குகிறாள்.

நம் நோர்ஃபோர்ஸ் ஊரில் ஒருவரை ஒருவர் புகழும் வழக்கம் கிடையாது. பெற்ற பிள்ளை மலையைப் பெயர்த்தாலும் "ஏதோ பண்ணியிருக்கான், பரவாயில்ல" என்போம். அந்த வழக்கத்தை இன்று நான் உடைக்கப் போகிறேன். சோல்வெய்க் நெஸ்லுண்டைப் புகழப் போகிறேன். வாயாரப் புகழப் போகிறேன், நெஞ்சாரப் புகழப் போகிறேன். கூச்சப்படுகிறவர்கள் பின்பக்கம் போங்கள், இலவங்கப்பட்டை போட்ட பன் இருக்கிறது, தின்றுகொண்டிருங்கள்!

பிளாக் மெட்டல் என்கிற அந்த அலறல் இசையின் பாடகி! போலந்தில் பாடினாள், புழுதி பறந்தது. மெக்சிகோவில் பாடினாள், மேடை அதிர்ந்தது. ஜப்பானில் பாடினாள், நம் மொழியில் ஒரு சொல் அறியாத பிள்ளைகள் நம் ஆற்றின் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். ஆம், தன் குழுவுக்கு நம் ஆற்றின் பெயரையே வைத்தவள் அவள். ஸ்டாக்ஹோம் கம்பெனிக்காரர்கள் வந்து, "கொஞ்சம் இனிமையா பாடுங்களேன்" என்று கெஞ்சினார்கள். "இனிப்பு வேணும்னா மிட்டாய்க் கடைக்குப் போங்க" என்று காபி கொடுத்து அனுப்பிவைத்தாள். அந்தத் திமிரை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

ஆனால் இத்தனையும் முளையிலேயே கருகியிருக்க வேண்டியது, தெரியுமா?

எங்கள் குடியிருப்பில் எல்லார்க்கும் பொதுவாக ஒரே சலவை அறை, நிலவறையில். வியாழன் மாலை சோல்வெய்க்கின் முறை. எல்லா இயந்திரங்களையும் ஓடவிட்டு, அந்த இரைச்சலில் பாடிப் பழகுவாள். நேர் மேல்வீடு என்னுடையது. முதல் முறை கேட்டபோது யாரோ யாரையோ கொல்கிறார்கள் என்று ஓடினேன். போய்ப் பார்த்தால் இவள் துண்டு மடித்துக்கொண்டே அலறுகிறாள்!

"என்னடி பொண்ணே இது?"

"பாட்டு, அத்தை."

"சத்தியமா?"

"சத்தியமா."

அழகான பாட்டு என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டு முடிக்காமல் என்னால் படியேற முடியவில்லை.

மூன்றாம் மாடி ஃபோல்கேவுக்குப் பொறுக்கவில்லை. அதோ, முன்வரிசையில் தாடியைத் தடவிக்கொண்டிருக்கிறாரே, அவரேதான். சிரிக்காதீர்கள், பாவம்! குடியிருப்போர் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்தார். "இவளுக்குச் சலவை அறையே தரக்கூடாது" என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவளுடைய முதல் இசைத்தட்டுப் பதிவு அடுத்த வாரம். பழக வேறு இடம் இல்லை. என்ன தம்பி, காட்டுக்குப் போகலாமே என்கிறாயா? பிப்ரவரி மாதம் காட்டில் வாயைத் திறந்து பார், நாக்கு உறைந்துவிடும்!

சோல்வெய்க் தலையைக் குனிந்துகொண்டு, "சரி, விட்டுடறேன்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எதடி விடுற? துணி துவைக்கிறதையா, பாட்டையா?"

"ரெண்டையுந்தான்."

இப்படித்தானே நாம் வளர்க்கப்பட்டோம்? யாராவது முகம் சுளித்தால் போதும், உயிரையே மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவோம்!

ஃபோல்கே விடவில்லை. "அது பாட்டுன்னா இங்கயே பாடட்டும். நாங்களும் கேக்கறோம்."

பெண் சிவந்துபோனாள். "எல்லாரும் மூஞ்சியையே பாக்கறாங்க அத்தை. எனக்கு வராது."

கூட்டத்திலிருந்து எழுந்து நேரே என் வீட்டுச் சமையலறைக்குப் போனேன். உருளைக்கிழங்கு மாவை எடுத்தேன். குடியிருப்பின் நீராவிக் குளியல் அறை அடுப்பில் கரியைச் சுரண்டினேன். "இந்தா, பூசிக்க. இனி உன்னை எவனும் பாக்க முடியாது" என்றேன். இன்றும் மேடையில் அந்த வெள்ளை முகத்தையும் கரிக் கண்ணையும் பார்த்துவிட்டுப் பிசாசு என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். பிசாசுமில்லை, பூதமுமில்லை. கூச்சம் ஐயா, கூச்சம்!

பூசினாள். எழுந்தாள். பாடினாள். உறைந்து கிடந்த நம் ஆற்றின் பனி உடைந்து உள்ளே போன ஒருவனின் பாட்டு. காபிக் கோப்பைகள் கடகடத்தன. பாட்டு முடிந்ததும் ஃபோல்கே தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"என் தம்பியும் அப்படித்தான் பனிக்குள்ள போனான். அன்னிக்கு எனக்கு இப்படித்தான் கத்தணும்போல இருந்துச்சு. பக்கத்து வீட்டுக்குக் கேக்குமேன்னு கத்தல."

அவருக்கு ஒரு தம்பி இருந்ததே எங்களில் யாருக்கும் தெரியாது. எத்தனையோ ஆண்டுகள் ஒரே படியில் ஏறி இறங்கியவர்கள் நாங்கள்!

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டார். "தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கறேன். வியாழக்கிழமை அவளுக்கே இருக்கட்டும். ஏழு மணிக்குள்ள முடிச்சுக்கணும், சொல்லிட்டேன்!"

கைதட்டுங்கள், அவருக்கும் தட்டுங்கள்! அடுத்த வாரம் இசைத்தட்டு பதிவானது. அதன் பின் நடந்ததை உலகம் அறியும்.

பெரியோர்களே, உங்களைக் கேட்கிறேன். ஆலையின் பழைய பிரிவை மூடிய அன்று நாம் கத்தினோமா? கட்டியவனைக் குழியில் இறக்கிய அன்று நான் கத்தினேனா? கத்தவில்லை. காபி ஊற்றிக் கொடுத்தோம், வானிலையைப் பற்றிப் பேசினோம். இந்த ஊரின் துக்கத்துக்கு வாயே இல்லாமல் இருந்தது. இவள் வாயானாள்! நாம் விழுங்கியதையெல்லாம் ஊர் ஊராகக் கொண்டுபோய் உலகத்தின் முன்னால் கொட்டினாள். இவள் எங்கள் வீட்டுப் பெண் என்று சொல்வதில் எனக்குக் கர்வம். ஆம், கர்வம்! எழுதிக்கொள்ளுங்கள்!

இவ்வளவு நேரம் முகம் சுளிக்காமல் என் புகழ்ச்சியைப் பொறுத்துக்கொண்ட அவைக்கு நன்றி. அழைத்த நகரவைக்கு நன்றி. இதோ, சோல்வெய்க் பாட வருகிறாள். நாகரிகமாகக் கைதட்டிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். உள்ளே அடக்கி வைத்ததை அவளோடு சேர்ந்து கத்துங்கள். பயப்படாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள். வணக்கம்!