ஆறின பக்கம்

டீயில சர்க்கரை கொஞ்சம் கூடிப்போச்சு கிரிஜா, பரவாயில்லைன்னு குடிச்சுக்கோ. லேப்ல மில்லிகிராம் கணக்கா அளந்து போடுற கைதான். வீட்டுல ஒரு டீ உருப்படியா வரமாட்டேங்குது. ஹனோவருக்கு வந்து எட்டு வருஷம் ஆச்சு, இன்னும் இதே கதைதான்.

நாளைக்கு நீயும் பாஸ்கரனும் மெட்ராஸுக்குக் கிளம்புறீங்க. அவனை ரூம்ல விட்டுட்டு நீ மட்டும் வந்து நின்னதுமே எதுக்குன்னு புரிஞ்சுபோச்சு. "கைக்குட்டையைக்கூட தினம் ஒரே மாதிரி மடிக்கிற மனுஷன்ணா. அவரா பக்கம் மாத்தி வச்சிருப்பாரு?"ன்னு கேட்டே. கேஸை மூணு தரம் திருகிப் பாக்குறான், பூட்டை நாலு தரம் இழுத்துப் பாக்குறான், தன் புத்தியைத் தானே நம்ப மாட்டேங்குறான்னு சொன்னே. பாவம்தான். நீ நேரா கேட்டுட்டே, நானும் நேரா சொல்லிடறேன். அழாம கேக்கணும்.

பாஸ்கரனை என் தம்பி மாதிரித்தான் வச்சிருந்தேன். லேபுக்கு வந்த முதல் மாசமே இடது கையைச் சுட்டுக்கிட்டான், அந்தத் தழும்பை நீ பாத்திருப்பே. பத்து நாள் மருந்து போட்டுக் கட்டினது நான்தான். சோறுகூடப் பிசைஞ்சு குடுத்தேன்.

அந்தக் கூட்டத்துக்கு அவனைக் கூட்டிட்டுப் போனதும் நான்தான். வருஷா வருஷம் மே மாசம், ஹார்ட்ஸ் மலை அடிவாரத்துல ஒரு கிராமத்துப் பட்டறையில இரும்படிக்கிறவங்க முப்பது பேர் கூடுவாங்க. மூணு நாள். பட்டறை க்ரோனேங்கிற கிழவரோடது. வர்ற ஒவ்வொருத்தரும் ஒரு வித்தையைச் சொல்லிக் குடுத்துட்டு ஒரு வித்தையைக் கத்துக்கிட்டுப் போகணும். நான் சொல்லிக் குடுத்தது பேச்சு. நம்ம பக்கத்துப் பழைய உருக்கைப் பத்தி ஸ்லைடு போட்டுப் பேசுவேன். ஆறு வருஷம் பேசினேன். நல்லா கை தட்டுவாங்க, தட்டிட்டு சூப் குடிக்கப் போயிடுவாங்க. நான் அதைப் பெருசா எடுத்துக்கிட்டதில்லை.

கடைசி நாள் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருஷம் யாருகிட்டேர்ந்து எல்லாரும் நிறைய கத்துக்கிட்டாங்களோ, அவங்க பேருக்கு ஒரு ஆணி அடிச்சு வாசல் உத்தரத்துல இறக்குவாங்க. என் பேருக்கு ஆணி கிடையாது. அதுக்கென்ன, நான் ஆராய்ச்சிக்காரன்.

பாஸ்கரன் எழுபதுல முதல் தடவை வந்தான். க்ரோனே தன் சொந்த சுத்தியலை எடுத்து அவன் கையில குடுத்தார். எங்கிட்ட ஒரு நாளும் குடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை. அதுக்கப்புறம் சனி ஞாயிறு ஆனா போதும், அய்யா பட்டறையிலதான். அடுத்த வருஷக் கூட்டத்துல ஒரு பாக்குவெட்டி அடிச்சான் பாரு, ரெண்டு அலகும் மயிரிழை விடாம பொருந்தி நின்னுது. எதுக்கான சாமான்னு அங்க ஒருத்தருக்கும் தெரியலை. இவன் ஒரு கொட்டையை எடுத்து நறுக்கிக் காட்டினான், முப்பது பேரும் சின்னப் பசங்க மாதிரி சிரிச்சாங்க. எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்தது.

அதுக்கு முந்தின மாசமே அவன் முடிவு பண்ணிட்டான். ஆராய்ச்சியை விட்டுடறது, க்ரோனேகிட்ட வேலைக்குச் சேர்ந்துடறது. நீ ஊர்லேர்ந்து பதறிப்போய் எனக்கு எழுதினே. "எப்படியாவது அவரை இந்தப் பைத்தியத்துலேர்ந்து மீட்டுக் குடுங்கண்ணா." அந்த லெட்டர் இதோ, இந்த டிராயர்லதான் இருக்கு. எடுக்கட்டுமா? வேணாம்னா சரி. நீ எழுதினதைத்தான் நான் செஞ்சேன்னு சொல்ல வந்தேன்.

பட்டறை நடுவுல நீளமா ஒரு கல்மேசை. குறுக்கே சாக்பீஸ் கோடு. ஜன்னல் பக்கம் சூட்டு இரும்பு, கதவுப் பக்கம் ஆறின இரும்பு. செவப்பு போன இரும்பு பாக்க ஆறின மாதிரியே கருப்பாத்தான் இருக்கும், தொட்டா தோல் இரும்போட ஒட்டிக்கும். அதுக்குத்தான் கோடு. ஆறின பக்கத்துச் சாமானை யாரும் புறங்கையை வச்சுச் சோதிக்க மாட்டாங்க. சோதிச்சா, வச்சவனைப் பொய்யன்னு சொல்ற மாதிரி. என் ஆறு வருஷத்துல அங்க ஒருத்தருக்கும் ஒரு கொப்புளம் வந்ததில்லை.

ரெண்டாம் நாள் மத்தியானம் எல்லாரும் முத்தத்துல சாப்பிட உக்காந்துட்டாங்க. பாக்குவெட்டி ஆறின பக்கத்துல இருந்தது. அவனேதான் சரியா வச்சிருந்தான். நான் அதை எடுத்து, கைப்பிடியை மட்டும் உலைக்கரியில வச்சேன். அலகுல சூடு ஏறினா பதம் போயிடும், அவன் வேலையைக் கெடுக்க எனக்கு மனசு வரலை. செவந்ததும் எடுத்தேன், செவப்பு அடங்குற வரைக்கும் இடுக்கியிலயே பிடிச்சிருந்தேன். அப்புறம் அதே இடத்துல, அதே சாய்வுல வச்சேன். வெளியில போய், "பாஸ்கரா, க்ரோனே உன் பாக்குவெட்டியை இன்னொரு தடவை பாக்கணுமாம்"னேன். முகமெல்லாம் பல்லா ஓடினான்.

கப்பைக் கீழ வச்சுடும்மா.

என் கணக்கு அரை செகண்ட். யாரா இருந்தாலும் உதறிடுவாங்க. ஒரு கொப்புளம், ரெண்டு வாரம் கட்டு, மனசுல ஒரு பயம், மறுபடியும் புஸ்தகம். நான் பண்ணினது அந்த அரை செகண்ட்தான். அவன் உதறலை. இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே மேசையைச் சுத்தி நடந்து போய், கோட்டுக்கு அந்தப் பக்கம், சூட்டுப் பக்கத்துல பதனமா வச்சான். வேற யாரும் தெரியாம எடுத்துடக் கூடாதாம். வச்சுட்டு அப்படியே தரையில உக்காந்துட்டான். ஓடி வந்தவங்களைப் பாத்து, "மன்னிச்சுக்குங்க, நான்தான் பக்கம் மாத்தி வச்சுட்டேன்"னு ஜெர்மன்ல சொன்னான். முதல்ல தண்ணி கொண்டு வந்தது நான். இரும்புல என்ன ஒட்டியிருந்ததுன்னு உனக்கு வேண்டாம்.

மூணு ஆபரேஷன் பண்ணியும் வலது கை விரல் நிமிரலை. ஆனா பாரு, இடது கையாலயே தீசிஸை எழுதி முடிச்சுட்டான். டாக்டர் பாஸ்கரன். மெட்ராஸ்ல வேலை காத்துக்கிட்டிருக்கு. நீ கேட்ட புருஷன் உனக்குத் திரும்பக் கிடைச்சுட்டான். அந்த வருஷ ஆணியும் அவன் பேருக்குத்தான். ஆஸ்பத்திரியில இருந்ததால அவனுக்குப் பதிலா என்னை அடிக்கச் சொன்னாங்க. க்ரோனே அந்தச் சுத்தியலை எங்கிட்ட நீட்டினார். நல்ல கனம். நாலே அடியில இறங்கிடுச்சு.

மிச்ச நேரம் முழுக்க அவனே இழுத்துக்கிட்டதும்மா, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? அவன் குணமே அப்படி. அந்த இடது கைத் தழும்பும் அப்படி வந்ததுதான். உலோகம் உருக்குற சின்ன மூசை, உலையிலேர்ந்து எடுத்தது, அதை ஆறிடுச்சுன்னு நினைச்சுத் தூக்கிட்டான். கீழ போட்டா பக்கத்துல நிக்கிறவன் காலுல சிதறும்னு, பல்லைக் கடிச்சுக்கிட்டு நடந்து போய் ஸ்டாண்டுல வச்சுட்டுத்தான் கையை எடுத்தான். பக்கத்துல நின்னவன் நான்தான். சோதனைக்காகக் கையில ஸ்டாப்வாட்ச் ஓடிக்கிட்டிருந்தது, அதனால நல்லா ஞாபகம் இருக்கு, மூணு செகண்ட்.