ஒட்டுத் தெரியாத சரிவு

வெப்சைட்டின் பின்னணிக்குத் தேயிலைச் சரிவைப் போல ஒத்துப்போகும் படம் வேறு இல்லை. எங்கே வெட்டினாலும் இலைதான். ஒரு சிறு சதுரத்தை வெட்டி, தரையில் டைல் பதிக்கிற மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் திரை முழுக்கப் பச்சை விரிந்துவிடும். ஒட்டு மட்டும் தெரியக்கூடாது. குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஓர் அறையில், இரண்டு பழைய கம்ப்யூட்டர்களோடு மூன்று வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். வாக்குமூலமாக எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன் ஐயா.

இந்த வருடம் பச்சைத்தேயிலையைச் சீந்த ஆளில்லை. எஸ்டேட் ஃபேக்டரியும் மூடிக் கிடந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார், திங்கட்கிழமைக்குள் வெப்சைட் தயாராக வேண்டும் என்றார் மேனேஜர். விற்றுவிட்டால் லைன் வீடுகளில் இருக்கும் நூற்றிருபது குடும்பத்துக்கும் மறுபடி வேலை. எனக்கும் நான்கு மாதத்தில் வந்த ஒரே வேலை அதுதான். வேலையில்லாமல் அலுத்துப் போயிருந்தேன், அதை மறைக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் எஸ்டேட் சரிவுக்கு எதிர்மேட்டில் நின்று இரண்டு படம் எடுத்தேன். இரண்டுக்கும் நடுவே பத்து நிமிடம், மூடுபனி விலகட்டும் என்று காத்திருந்தேன். மூன்று மணிக்கெல்லாம் அறைக்கு வந்து படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன்.

இந்த வேலையில் கண்ணை இழுக்கிற பொருள் ஒன்றுகூடச் சதுரத்துக்குள் இருக்கக்கூடாது. ஒரு காய்ந்த குச்சி இருந்தாலும் போதும், திரையில் வரிசை வரிசையாக நின்று பல்லிளிக்கும். என் சதுரத்தின் நடுவில், கிளை வெட்டிக் கவாத்து செய்யாமல் விட்ட செடிகளுக்கு இடையே ஏதோ நீலமாக இருந்தது. பெரிதாக்கினேன். நீலச் சேலையில் ஒரு பெண் விழுந்து கிடந்தாள். பக்கத்து இலைகளை எடுத்து அவள்மேல் அப்பினேன். இருபது முறை மௌஸை அழுத்தியிருப்பேன். நன்றாகவே மூடிக்கொண்டது.

ஆறு மணிக்கு எஸ்டேட் வாட்ச்மேன் காளிமுத்து போன் செய்தார். "ஏனுங்க தம்பி, மத்தியானம் எதிர்மேட்டுல நின்னு படம் புடிச்சீங்களே, நம்ம கருப்பம்மாளை எங்காச்சும் பாத்தீங்களா? வெறகுக்குப் போனவ இன்னும் ஊடு திரும்பலீங்க."

செடியைத்தான் பார்த்தேன் என்றேன். அது பொய்யில்லை, எனக்கு வேண்டியது செடிதான். இந்த நேரத்தில் எஸ்டேட்டில் ஏதாவது அசம்பாவிதம் என்று செய்தி கிளம்பினால் வாங்க வருகிறவர் ஓடிவிடுவார், நூற்றிருபது குடும்பம் நடுத்தெருவில் நிற்கும் என்று யோசித்தேன். ஞாயிறு காலை அவளைக் கண்டுபிடித்தார்கள். கால் முறிந்திருந்தது, உயிர் போனது குளிரில்தான், விடியும்வரை இருந்திருப்பாள் என்றார் டாக்டர். எனக்கும் வருத்தம்தான். சாவுக்குப் போய் மாலை போட்டேன். வாங்க இருந்தவர் கடைசிவரை வரவேயில்லை.

ஒரு மாதம் கழித்து அவள் மகள் ராஜகுமாரி வேலை விண்ணப்பம் டைப் செய்ய என் அறைக்கு வந்தாள். திரையில் எஸ்டேட் வெப்சைட் திறந்திருந்தது. உட்காராமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, இது எங்கம்மா துண்டுங்க," என்றாள். "அன்னைக்குத் தலையில கட்டிட்டுப் போனதுங்க. இங்கயும் இருக்குது. பாருங்க, இங்கயும் இருக்குது."

பழுத்த இலை அம்மா என்றேன். சதுரத்தின் ஓரத்தில் ரோஜா நிறத் துணி நகத்தளவு விட்டுப்போயிருந்தது. நடுவையே பார்த்தவன் ஓரத்தைக் கவனிக்கவில்லை. திரையில் நாற்பது இடத்தில் அது இருந்தது. அவள் படியிறங்கியதும் முதல் வேலையாக அதைச் சரிசெய்தேன். அவள் உங்களைக் கூட்டிவந்தபோது திரையில் ஒன்றும் தென்படாதது அதனால்தான்.

முதலில் எடுத்த படங்களை மட்டும் நான் அழிக்கவில்லை. எதையும் அழித்துப் பழக்கமில்லை. இரண்டும் இப்போது உங்களிடம் இருக்கின்றன. ஏன் இரண்டாவது படத்தைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டீர்கள். முதல் படத்தில் அவள் நான் நின்ற மேட்டைப் பார்த்துக் கையைத் தூக்கியிருந்தாள். செடிக்கு மேலே நீட்டியிருக்கும் கையை மறைப்பது கஷ்டம், எப்படி அப்பினாலும் ஒட்டுத் தெரியும். இரண்டாவதில் கையைக் கீழே போட்டுவிட்டாள், வேலை சுலபமாக இருந்தது.