கடைசி அத்தியாயத்துக்கு ஒரு முகம்

எனக்குக் கற்பனை கொஞ்சம் கம்மி. சரித்திர நாவல் எழுதுகிறவன் இப்படிச் சொன்னால் தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதெல்லாம் இல்லை. ராஜாக்களும் போர்களும் நூலகத்தில் கிடைக்கும். தேவதைகளும் சாபங்களும் யாராவது சொல்கிற கதையில் கிடைக்கும். காதலை மட்டும் நேரில் பார்த்தால்தான் எனக்கு எழுத வரும்.

அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் என் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. ஓர் இளவரசி, ஒரு மாலுமி, இருவரும் சேர்ந்தால் ஊரையே விழுங்குவேன் என்று மிரட்டும் கடல் தேவதை. பிரிவுக் காட்சியை எழுதி அனுப்பினேன். "கப்பல் பிரமாதம் சார். ஆனா அந்தப் பொண்ணு அழுதா எனக்குச் சிரிப்பு வருது" என்றார் ஆசிரியர். மனுஷர் சொன்னதில் தப்பே இல்லை.

வீட்டில் தங்கை இருந்தாள். அவளுக்கும், எனக்கு மூக்குக்கண்ணாடி செய்து கொடுத்த கடைக்காரருக்கும் கல்யாணம் ஏறக்குறைய முடிவான நேரம். தங்கமான மனிதர். என் கண்ணாடியைச் சரிசெய்கிற சாக்கில் வீட்டுக்கே வருவார். போகும்போது வேண்டுமென்றே அதன் காது வளைவைக் கொஞ்சம் இறுக்கிவிட்டுப் போவார், மறுபடி வரலாமே என்று. எனக்கும் அவரை ரொம்பப் பிடிக்கும்.

ஒருநாள் அவர் கடைக்குப் போய், "அவளுக்கு மனசு மாறிடுச்சு. நேர்ல சொல்லச் சங்கடப்படறா" என்றேன். நல்லவர்களிடம் ஒரு வசதி, மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டார்கள். கடையைக் காலிசெய்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். தங்கையிடம், "அவருக்கு ஏற்கெனவே குடும்பம் இருக்காம்மா, விட்டுத் தள்ளு" என்றேன்.

அவள் அழவில்லை. துடைத்த மேஜையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். நானாக யோசித்தால் ஏழு ஜென்மத்துக்கும் இது தோன்றியிருக்காது. இளவரசி துடைத்த விளக்கையே துடைக்கிறாள் என்று எழுதினேன். பத்திரிகை விற்றுத் தீர்ந்தது. தங்கையும் படித்தாள். "உனக்கு எப்படிண்ணா தெரிஞ்சுது?" என்று என் தோளில் சாய்ந்து அன்றுதான் அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு ஒட்டுதலான அண்ணன் தங்கையைப் பார்ப்பது அபூர்வம்.

தொடர் வருஷக்கணக்கில் ஓடியது. கடைசி அத்தியாயம்தான் பாக்கி. மாலுமி திரும்பி வருகிறான். இளவரசி அலையாக மாறிப்போயிருக்கிறாள். அதைக் கேட்டதும் அவன் முகம் எப்படி இருக்கும்? எனக்குப் பிடிபடவில்லை. தெய்வமே பார்த்து அனுப்பிய மாதிரி நேற்று மதியம் கண்ணாடிக்காரர் வாசலில் நின்றார். தலை நரைத்திருந்தது.

"அந்த விளக்குத் துடைக்கிற இடம் ஒரு பழைய இதழ்ல இப்பத்தான் படிச்சேன் சார். மனசு உடைஞ்சா அவங்க அப்படித்தான் மேஜையத் துடைப்பாங்க. மனசு மாறினவங்க எதுக்குத் துடைக்கப் போறாங்க? ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்."

"அவ தவறிப்போயிட்டாப்பா" என்றேன், இதமாக.

என் கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது போல. அவர் அதைக் கழற்றி, வளைவை நிமிர்த்தி, என் முகத்தில் மாட்டிவிட்டுப் போனார். இந்தத் தடவை இறுக்கவில்லை. அத்தியாயம் ஒரே மூச்சில் முடிந்தது. இவ்வளவு நல்ல முடிவு நான் எழுதியதே இல்லை.

காய்ந்த துணிகளோடு மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்தாள் தங்கை. "யாருண்ணா வந்தது?"

"ஒரு வாசகர்மா" என்றேன். கூடப்பிறந்தவளிடம் பொய் சொல்ல எனக்கு வராது. அதற்கெல்லாம் கற்பனை வேண்டும்.